பிரவுசரில் வருகிறது, பிஎச்பி ஸ்கிரிப்டில் வரவில்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

சர்வரில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று வெளியே இருக்கும் ஒரு முகவரியிலிருந்து எதையோ எடுத்துவர வேண்டும். செய்தியோடை, நாணய மாற்று விலை, விக்கிப்பீடியா கட்டுரை என்று எதுவாகவும் இருக்கலாம். அது வருவதில்லை. உடனே அதே முகவரியைப் பிரவுசரில் போட்டுப் பார்க்கிறோம், பக்கம் அழகாகத் திறக்கிறது. "பிரவுசரில் வருகிறதே!" என்று குழம்பிப்போகிறோம்.

பிரவுசரில் வருவது இங்கே சாட்சியே ஆகாது. பிரவுசர் உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போகிறது. ஸ்கிரிப்ட் எங்கோ இருக்கும் டேட்டா சென்டரிலிருந்து, வேறொரு ஐபியில், வேறொரு சான்றிதழ்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, பிரவுசர் கூடவே அனுப்பும் ஹெடர்கள் (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகள்) எதுவும் இல்லாமல் போகிறது. ஆகவே சோதனை எப்போதும் அந்த சர்வரிலிருந்தே நடக்க வேண்டும். முடிந்தால் ஸ்கிரிப்ட் ஓடும் அதே யூசரின் பெயரிலேயே நடக்க வேண்டும்.

ஒரு முகவரியைக் கொண்டுவர ஸ்கிரிப்ட் வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது. டொமைன் பெயரை ஐபியாக மாற்றும். அந்த ஐபியின் போர்ட்டில் இணையும். எச்டிடிபிஎஸ் என்றால், அந்தத் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கும். அப்புறம்தான் கோரிக்கையை அனுப்பி பதிலை வாங்கும். எர்ரர் செய்தியை ஒழுங்காகப் படித்தால் இதில் எந்த இடத்தில் நின்றது என்பது தெரிந்துவிடும். அது தெரியுமுன் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் எது சரிசெய்தது என்றே தெரியாமல் இருப்பதுதான் இந்தப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம்.

(கட்டளைகள், செட்டிங்குகள், செய்திகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.)

## எதுவும் வரவில்லை, எர்ரர் செய்தியும் இல்லை

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் எர்ரரைத் திரையில் காட்டாமல் வைத்திருப்பார்கள். அது சரியான பழக்கம், அதை மாற்ற வேண்டாம். செய்தி லாக் கோப்பில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் பிஎச்பியின் செட்டிங் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் லாக்_எர்ரர்ஸ் ஆன் ஆக இருக்கிறதா, எர்ரர்_லாக் எந்தக் கோப்பைக் காட்டுகிறது என்று கவனியுங்கள்.

முகவரியிலிருந்து எடுத்துவர பிஎச்பியில் இருக்கும் எளிய ஃபங்ஷனான ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் தோற்றால் ஃபால்ஸ் திரும்பும், கூடவே ஒரு வார்னிங் வரும். ஆனால் யாராவது அந்த ஃபங்ஷனுக்கு முன்னால் @ குறியைப் போட்டிருந்தால் வார்னிங் அமுங்கிவிடும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். இதே வேலைக்கான இன்னொரு கருவியான கர்லின் விஷயம் வேறு. அது தோற்றாலும் தானாக எதுவும் சொல்லாது. கர்ல்_எக்ஸெக் முடிந்தவுடன் கர்ல்_எர்நோ, கர்ல்_எர்ரர் இரண்டையும் நீங்கள்தான் கேட்டு லாக்கில் எழுத வேண்டும். கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் அந்தக் கர்ல்_எர்நோ தரும் எண்கள். திரும்பிய மதிப்பை மூன்று சமக்குறி போட்டு ஃபால்ஸுடன் ஒப்பிடுங்கள். தளம் உண்மையிலேயே வெற்றுப் பதிலைத் தந்திருந்தால், சாதாரண இஃப் அதையும் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்எச் வசதி (தூரத்திலிருந்து சர்வரின் டெர்மினலில் நுழையும் வழி) இருந்தால் சர்வரிலேயே கர்ல் கட்டளையை -வி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பெயர் எந்த ஐபியாக மாறியது, இணைப்பு கிடைத்ததா, சான்றிதழ் யாருடையது, என்ன ஹெடர் போனது, என்ன ஹெடர் வந்தது என்று வரிவரியாகச் சொல்லும். எஸ்எஸ்எச் இல்லாத ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் சின்னதாக ஒரு சோதனைக் கோப்பு எழுதி, அதில் கர்ல்ஆப்ட்_வெர்போஸ் ஆன் செய்து, கர்ல்ஆப்ட்_எஸ்டிடிஎர்ர் வழியாக ஒரு கோப்பில் எழுத வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் சோதனைக் கோப்பை மறக்காமல் அழித்துவிடுங்கள், குறிப்பாக சர்வரின் பிஎச்பி செட்டிங்குகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ அதில் இருந்தால்.

## "ராப்பர் இஸ் டிஸேபிள்டு" என்று வருகிறது

செய்தியிலேயே அலவ்_யூஆர்எல்_எஃப்ஓபன்=0 என்று இருக்கும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ், எஃப்ஓபன் போன்றவை கோப்புக்குப் பதிலாக இணைய முகவரியைத் திறக்க இந்த அனுமதி வேண்டும். பிஎச்பியில் இது இயல்பாக ஆன்தான். பல ஹோஸ்டிங்குகளில் பாதுகாப்புக்காக அணைத்து வைக்கிறார்கள். ஸ்கிரிப்டுக்குள் ஐஎன்ஐ_செட் போட்டு இதை மாற்ற முடியாது, .எச்டிஅக்சஸ் கோப்பிலும் முடியாது. இது சர்வர் மட்டத்து செட்டிங். ஹோஸ்டிங் பேனலில் பிஎச்பி செட்டிங் பக்கம் இருந்தால் அங்கே மாற்றலாம், இல்லையென்றால் ஹோஸ்டிங்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அதை ஆன் செய்யச் சொல்லிக் கெஞ்சுவதைவிட ஸ்கிரிப்டை கர்லுக்கு மாற்றிவிடுவதே நல்லது. கர்லை இந்த செட்டிங் கட்டுப்படுத்தாது. டைம்அவுட், ஹெடர், எர்ரர் எண் எல்லாம் அதில் கைக்குள் இருக்கும். ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: பக்கத்திலேயே அலவ்_யூஆர்எல்_இன்க்ளூட் என்று இன்னொன்று இருக்கும். வெளியிலிருந்து வரும் கோடை உங்கள் சர்வரில் ஓட்ட அனுமதிப்பது அது. அதை எக்காரணம் கொண்டும் ஆன் செய்யாதீர்கள்.

பிஎச்பி.ஐஎன்ஐயை மாற்றியும் எதுவும் மாறவில்லையா? நீங்கள் மாற்றிய கோப்பு வேறாக இருக்கலாம். டெர்மினலில் ஓடும் பிஎச்பிக்கு ஒரு ஐஎன்ஐ, வெப் சர்வர் வழியாக ஓடும் பிஎச்பிக்கு இன்னொன்று. பிஎச்பிஇன்ஃபோவில் "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" என்ற வரி எதைக் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. மாற்றிய பிறகு, வெப் சர்வருக்காக பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## கர்ல்_இனிட் என்ற ஃபங்ஷனே இல்லை என்கிறது

பிஎச்பிக்கான கர்ல் எக்ஸ்டென்ஷன் நிறுவப்படவில்லை. உபுண்டு, டெபியனில் ஏபிடி மூலம் பிஎச்பி-கர்ல் பேக்கேஜை நிறுவுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிஎச்பி பதிப்பு இருந்தால் தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறதோ அதற்குரிய பேக்கேஜ் வேண்டும். டெர்மினலில் கர்ல் கட்டளை ஓடுகிறது என்பதால் பிஎச்பிக்குள்ளும் கர்ல் இருக்கிறது என்று ஆகிவிடாது, இரண்டும் தனித்தனி. எச்டிடிபிஎஸ் ராப்பரையே காணவில்லை என்று செய்தி வந்தால் ஓபன்எஸ்எஸ்எல் எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை.

## "கெட்அட்ரின்ஃபோ ஃபெயில்டு", அல்லது கர்ல் எர்ரர் 6

பெயர் ஐபியாக மாறவில்லை. முதலில் முகவரியின் எழுத்துகளைப் பாருங்கள். முகவரிகளை ஒரு கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கும் ஸ்கிரிப்ட் என்றால், ஒவ்வொரு முகவரியின் வாலிலும் ஒரு வரி முறிவு ஒட்டிக்கொண்டிருக்கும். எக்கோ செய்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. வார்_டம்ப் செய்தால் எழுத்து எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருப்பது தெரியும். ட்ரிம் போட்டால் சரியாகிவிடும்.

முகவரி சுத்தமாக இருந்தால், சர்வரில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளையோடு டொமைன் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பலரும் டிக் அல்லது என்எஸ்லுக்அப் ஓட்டுவார்கள். அவை பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்பவை. பிஎச்பியோ சிஸ்டத்தின் வழக்கமான வழியில், அதாவது /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பையும் சேர்த்துப் பார்த்து விடை தேடுகிறது. கெட்என்ட்டும் அதே வழியில் போவதால் அதன் விடைதான் நம் ஸ்கிரிப்டின் நிலைமையைக் காட்டும்.

கெட்என்ட்டில் விடை வருகிறது, ஸ்கிரிப்டில் மட்டும் வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். பிஎச்பி-எஃப்பிஎம்மை சிஎச்ரூட்டுக்குள் (ஒரே ஒரு ஃபோல்டருக்குள்) அடைத்து ஓட்டினால், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும், வெளியே இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு அதற்குத் தெரியாது. இன்னொன்று, ரிசால்வ்.கான்ஃபை யாரோ மாற்றியிருக்கலாம், ஆனால் பிஎச்பி பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிலிப்சி 2.26க்கு முந்தைய சிஸ்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அந்தக் கோப்பைத் தானாக மறுபடி படிக்காது. ஒரு ரீஸ்டார்ட்டில் தீரும்.

## வெகுநேரம் சுற்றிவிட்டு டைம்அவுட் ஆகிறது

கர்ல் எர்ரர் 28, அல்லது "கனெக்ஷன் டைம்டு அவுட்". இதையும் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்பதையும் (கர்லில் எர்ரர் 7) ஒன்றாக எண்ணாதீர்கள். ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் அந்த ஐபி வரை போய்ச் சேர்ந்தோம், அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. டைம்அவுட் என்றால் நாம் அனுப்பியதற்கு எந்தப் பதிலும் வரவில்லை. நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் வெளியே போக 80, 443 ஆகிய போர்ட்டுகளை மட்டும் திறந்து வைத்திருப்பது வழக்கம். நீங்கள் எடுக்கப் பார்க்கும் ஏபிஐ (நிரல்களுக்குத் தரவு தரும் சேவை) 8080 போன்ற ஒரு போர்ட்டில் இருந்தால் அங்கேயே நிற்கும்.

இதில் ஆளைச் சுற்றவைக்கும் வகை ஒன்று உண்டு. டெர்மினலில் கர்ல் உடனே பதில் தருகிறது, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் மட்டும் முழு நிமிடம் தொங்குகிறது. அப்போது புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 மேல் சந்தேகப்படுங்கள். தளத்துக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரிகளும் இருக்கும். உங்கள் சர்வரில் ஐபிவி6 பெயரளவுக்கு இருக்கும், ஆனால் வெளியே வழி இருக்காது. கர்ல் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முயன்று, முதலில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் போன்ற பிஎச்பியின் ஸ்ட்ரீம் ஃபங்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முயலும். முதல் முகவரியிலேயே நேரமெல்லாம் போய்விடும்.

உறுதி செய்வது எளிது. கர்ல் கட்டளையை ஒருமுறை -4 சேர்த்தும் இன்னொருமுறை -6 சேர்த்தும் ஓட்டுங்கள். நான்கில் உடனே வந்து ஆறில் தொங்கினால் அதுதான். முறையான தீர்வு சர்வரின் ஐபிவி6 வழியைச் சரிசெய்வது. அதுவரை, அந்த ஃபங்ஷனோடு கொடுக்கும் விருப்பத் தொகுப்பான ஸ்ட்ரீம் கான்டெக்ஸ்டில் சாக்கெட் பகுதியில் பைண்ட்டூ என்பதற்கு 0:0 என்று கொடுத்தால் ஐபிவி4 வழியாகவே போகும்.

டைம்அவுட் எண்களையும் நீங்களே வைத்துவிடுங்கள். பிஎச்பியின் டிஃபால்ட்_சாக்கெட்_டைம்அவுட் 60 விநாடி. கர்லில் இணைப்புக்கான காத்திருப்பு இயல்பாக 300 விநாடி, மொத்த வேலைக்கு வரம்பே கிடையாது. எதிர்ப்பக்கத் தளம் ஒன்று படுத்தால் உங்கள் பிஎச்பி வொர்க்கர்கள் எல்லாம் அதற்காகக் காத்துக் கிடந்து, உங்கள் தளமும் சேர்ந்து படுக்கும். இணைப்புக்கு 5 விநாடி, மொத்தத்துக்கு 15 விநாடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். லினக்ஸில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது.

## டெர்மினலில் ஓடுகிறது, வெப் வழியாக ஓட்டினால் "பெர்மிஷன் டினைடு"

கோப்பு அனுமதியைத் தேடி சிஎச்மாட் 777 போட ஆரம்பிக்காதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரெட் ஹேட், ராக்கி, அல்மா, பழைய சென்ட்ஓஎஸ் ஆகிய லினக்ஸ் வகைகளில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் இருக்கும். வெப் சர்வரின் கீழ் ஓடும் எதுவும் வெளியே இணைப்பு எடுப்பதை அது இயல்பாகத் தடுக்கிறது. டெர்மினலில் நீங்கள் ஓட்டும்போது அந்தக் கட்டுப்பாடு உங்கள்மேல் இல்லை, அதனால்தான் அங்கே ஓடுகிறது.

/வார்/லாக்/ஆடிட்/ஆடிட்.லாக் கோப்பில் அந்த நேரத்துக்குரிய "டினைடு" வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செட்எஸ்இபூல் கட்டளையில் பெரிய பி எழுத்துள்ள -பி விருப்பத்தோடு எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்பதை 1 ஆக்குங்கள். அந்தப் பெரிய பி இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிறகு "நேற்று ஓடியதே" என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை உங்களுக்கு நிறையக் கிடைக்கும். ஒரே ஒரு அனுமதி போதுமான இடத்தில் முழுக் காவலையும் எடுத்துவிடாதீர்கள்.

டெர்மினலில் ஓடி வெப்பில் மட்டும் ஓடாமல், இந்தச் செய்தியும் வரவில்லை என்றால் ப்ராக்ஸியை (வெளியே போகும் கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வரை) பாருங்கள். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி என்ற சூழல் மாறிகள் உங்கள் ஷெல்லில் இருக்கும், கர்ல் அவற்றை எடுத்துக்கொள்ளும். பிஎச்பி-எஃப்பிஎம்மோ இயல்பாகவே எல்லாச் சூழல் மாறிகளையும் துடைத்துவிட்டுத்தான் ஸ்கிரிப்டை ஓட்டும். ப்ராக்ஸி முகவரியை ஸ்கிரிப்டிலேயே கர்ல்ஆப்ட்_ப்ராக்ஸி மூலம் கொடுத்துவிடுங்கள்.

## "சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு", அல்லது கர்ல் எர்ரர் 60

இதற்கு இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில் சரிபார்ப்பை அணைத்துவிடு என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். அணைத்துவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது யார் என்றே ஸ்கிரிப்ட் பார்க்காது. ஏபிஐ சாவியை, வாடிக்கையாளரின் விவரத்தை வழியில் நிற்கும் யார் கையிலும் கொடுத்துவிடும். வெளியே எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரிவதால் அந்த வரியைப் பிறகு யாரும் எடுப்பதும் இல்லை. பிஎச்பி 5.6இல்தான், 2014ஆம் ஆண்டு, ஸ்ட்ரீம் ஃபங்ஷன்களில் சரிபார்ப்பு இயல்பாக ஆன் ஆனது. காரணத்தோடுதான் செய்தார்கள்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

உங்கள் சர்வரின் சான்றிதழ்ப் பட்டியல் பழையது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய பதிப்புகளில் ஓடிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள் ஒரே நாளில் நின்றன. கோடில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பேக்கேஜைப் புதுப்பியுங்கள். விண்டோஸில் சாம்ப் (அப்பாச்சி வெப் சர்வரும் பிஎச்பியும் சேர்ந்த தொகுப்பு) வைத்திருப்பவர்கள் கர்ல் திட்டத்தின் தளத்தில் கிடைக்கும் சிஏசர்ட்.பெம் கோப்பை இறக்கி, பிஎச்பி.ஐஎன்ஐயில் கர்ல்.சிஏஇன்ஃபோ, ஓபன்எஸ்எஸ்எல்.சிஏஃபைல் இரண்டிலும் முழுப் பாதையைக் கொடுத்து அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இரண்டாவது, தவறு எதிர்ப்பக்கத்தில். அவர்கள் தங்கள் சான்றிதழை மட்டும் அனுப்பி, அதை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டிருப்பார்கள். பிரவுசர்கள் விட்டுப்போனதைத் தாங்களே தேடி நிரப்பிக்கொள்ளும், கர்ல் பொதுவாக அப்படிச் செய்யாது. "பிரவுசரில் வருகிறதே" என்பதற்கு இங்கேதான் முழு விளக்கம் கிடைக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கட்டளையை -ஷோசர்ட்ஸ் சேர்த்து ஓட்டுங்கள். ஒரே ஒரு சான்றிதழ் மட்டும் வந்து "அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூவர் சர்டிஃபிகேட்" என்று இருந்தால் தளத்துக்காரருக்கு எழுதுங்கள், அந்த வெளியீட்டையும் இணைத்து. அவர்கள் சரிசெய்யும்வரை விடுபட்ட இடைச் சான்றிதழை இறக்கி உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சர்வரின் கடிகாரம். தேதி தவறினால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தெரியும். டேட் கட்டளையில் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சான்றிதழ் வரைகூடப் போகாமல், இரு பக்கமும் முதலில் பேசிக்கொள்ளும் ஹேண்ட்ஷேக்கிலேயே முறிந்தால் (எர்ரர் 35), எச்டிடிபிஎஸ்ஸின் பாதுகாப்பு முறையான டிஎல்எஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இப்போது பெரும்பாலான தளங்கள் ஏற்பதில்லை. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1க்கு முந்தையதில் டிஎல்எஸ் 1.2 கிடையாது. அந்த சர்வரை மேம்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

## பதில் வருகிறது, ஆனால் 403

இங்கே நெட்வொர்க்கில் குறை எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் உங்களைப் பார்த்துவிட்டு மறுக்கிறது. முக்கியக் காரணம், கேட்பது எந்த நிரல் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் ஹெடரை பிஎச்பி தானாக அனுப்புவதில்லை. கிட்ஹப்பின் ஏபிஐ அந்த ஹெடர் இல்லாத கோரிக்கையை 403 சொல்லித் திருப்பிவிடும். விக்கிமீடியாவும் யார் கேட்கிறார்கள் என்று தெரியும்படி யூசர் ஏஜென்ட் வைக்கச் சொல்கிறது. உங்கள் ஸ்கிரிப்டின் பெயரையும் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலையும் அதில் வையுங்கள். குரோம் என்று பொய் சொல்வதைவிட இது மரியாதை. ஏதாவது தவறினால் தடுப்பதற்கு முன் அவர்கள் உங்களுக்கு எழுதவும் வழி இருக்கும்.

ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் 403 வந்தால் ஃபால்ஸ் மட்டும் தந்துவிட்டு, மறுப்பில் எழுதியிருந்த காரணத்தை விழுங்கிவிடும். கான்டெக்ஸ்டில் இக்னோர்_எர்ரர்ஸ் ட்ரூ ஆக்கினால் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம். பல நேரம் என்ன குறை என்று அதிலேயே தெளிவாக எழுதியிருப்பார்கள். 429 வந்தால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்லும் நேரம்வரை பொறுங்கள், வந்த பதிலைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

## தமிழ் எழுத்துள்ள முகவரி மட்டும் வரவில்லை

தமிழ் விக்கிப்பீடியாவில் "சென்னை" கட்டுரையைப் பிரவுசரில் திறந்தால் முகவரிப் பட்டையில் தமிழிலேயே தெரியும். உண்மையில் பிரவுசர் அதைச் சதவீதக் குறி முறைக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. சென்னை என்ற சொல்லில் யூனிகோடு குறிகள் ஆறு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. ஆக, சர்வருக்குப் போவது 54 எழுத்துகள். இந்த வேலையை ஸ்கிரிப்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும். தலைப்பை மட்டும் ராயூஆர்எல்என்கோட் ஃபங்ஷனில் போடுங்கள். முழு முகவரியையும் போட்டால் சாய்கோடுகளும் முக்காற்புள்ளியும்கூட மாறி எல்லாம் கெடும். ஏற்கெனவே மாற்றிய முகவரியை மறுபடி மாற்றினாலும் 404தான் (பக்கம் இல்லை என்ற பதில்). முகவரிக்குள் 25 என்ற எண் சதவீதக் குறிக்குப் பின்னால் அடிக்கடி தென்பட்டால் இருமுறை மாற்றியிருக்கிறீர்கள்.

டொமைன் பெயரே தமிழில் இருந்தால், .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போல, இந்த முறை உதவாது. அதற்கு இன்டில் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ஐடிஎன்_டு_ஆஸ்கி ஃபங்ஷன் வேண்டும்.

## வேறு சில

கர்லில் பதில் வெறுமையாக வந்து நிலை எண் 301 அல்லது 302 என்றால், ரீடைரெக்ட்டை கர்ல் இயல்பாகப் பின்தொடராது. கர்ல்ஆப்ட்_ஃபாலோலொகேஷன் ஆன் செய்து, எத்தனை தாவல் வரை என்று ஒரு வரம்பும் வையுங்கள்.

புரியாத குப்பை எழுத்துகள் வந்தால் அது ஜிஜிப் முறையில் சுருக்கிய பதில். பிரவுசரிலிருந்து ஹெடர்களை அப்படியே காப்பி செய்து போட்டிருப்பீர்கள், அதில் அக்செப்ட்-என்கோடிங் வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு, கர்லில் கர்ல்ஆப்ட்_என்கோடிங்குக்கு வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். விரிக்கும் வேலையை கர்லே பார்த்துக்கொள்ளும்.

வெளித் தளங்கள் எல்லாம் வந்து, சொந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டால் மட்டும் தொங்கினால் செஷன் பூட்டைப் பாருங்கள். முதல் ஸ்கிரிப்ட், வருகையாளரின் விவரத்தை வைத்திருக்கும் செஷன் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். அதே குக்கியோடு அது கூப்பிடும் இரண்டாவது ஸ்கிரிப்ட் அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும். முதலாவதோ இரண்டாவதின் பதிலுக்காகக் காத்திருக்கும். கூப்பிடுவதற்கு முன் செஷன்_ரைட்_க்ளோஸ் போட்டால் விடுபடும். பிஎச்பியோடு வரும் சோதனை சர்வரில் இது செஷன் இல்லாமலேயே நடக்கும், அது இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். 7.4 முதல் பிஎச்பி_சிஎல்ஐ_சர்வர்_வொர்க்கர்ஸ் என்ற சூழல் மாறியில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரே சர்வரில் இருக்கும் கோடை எச்டிடிபி வழியாகச் சுற்றிக் கூப்பிடுவதைவிட, அந்த ஃபங்ஷனை இன்க்ளூட் செய்து நேராகக் கூப்பிடுவதே சரி.